மூட்டை கட்டும் படலம்

அண்ணாகிராமத்துக்காரர்களுக்குக் கடல் என்பது ஒரு பகல் வேலை. ஆடி அமாவாசை, தை அமாவாசை, மாசி மகம் என்று நாள் பார்த்து, நெல்லிக்குப்பம் வழியாகக் கடலூர் போவோம். தேவனாம்பட்டினத்தில் முழுக்குப் போட்டு, போய்ச் சேர்ந்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும், இருக்கிறவர்களுக்குச் சுண்டலும் கொடுத்துவிட்டு, வேட்டி மடிப்பில் அரைப்படி மணலோடு சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவோம். அங்கே ராத்தங்குவது என்ற பேச்சே கிடையாது. அதனால், தேவனாம்பட்டினத்தில் தொடங்கிக் கடலோரமாகவே தெற்கே நடந்து, வழியில் படுத்து எழுந்து, நண்டு, பறவை, செடிகொடி எல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டு பிச்சாவரம் போய்ச் சேரப்போகிறோம் என்று நான் அறிவித்ததும் தெருவில் இரண்டு கட்சி உண்டாயிற்று. ஒரு கட்சி வேண்டுதல் என்றது. இன்னொரு கட்சி கடன் தொல்லை என்றது.

வேண்டுதல் கட்சியைக் குறை சொல்ல முடியாது. ஆவணி பிறந்துவிட்டால் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் கடலூர் சாலை வழியாகத்தான் போகிறார்கள். சபரிமலைக்கு நடக்கிறார்கள், திருவண்ணாமலையைச் சுற்றி நடக்கிறார்கள், சர்க்கரை வந்தவர்கள் டாக்டர் சொன்னதற்காக நடக்கிறார்கள். நண்டு பார்க்க நடந்தவர் என்று எங்கள் பக்கத்தில் முன்னுதாரணம் இல்லை.

“எந்த சாமிக்குப்பா?” என்று பெரியம்மா கேட்டாள்.

“சாமிக்கு இல்ல பெரியம்மா. சும்மாதான்.”

“சும்மாவா? பொம்பளைங்க எங்களுக்கே பஸ்ஸை ஓசியாக்கிட்டாங்க. நீ நடக்கிறேங்கிற.”

கடற்பயணத்தில் எங்கள் பக்கத்துக்கு ஒரு பெரிய பெயர் உண்டு என்பதைப் பெரியம்மாவுக்கு நினைவுபடுத்தினேன். பண்ருட்டிப் பக்கத்துத் திருவாமூரில் பிறந்த அப்பர் சுவாமிகளைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள் என்றும், அந்தக் கல்லையே தெப்பமாக்கிக்கொண்டு அவர் கரை சேர்ந்தார் என்றும் வரலாறு சொல்கிறது. கடலூரில் கரையேறவிட்டகுப்பம் என்று அதற்கு ஓர் ஊரே சாட்சியாக இருக்கிறது. அவர் கொண்டுபோன சாமான் மொத்தமும் ஒரு கல். அதையும் அவராகக் கட்டிக்கொள்ளவில்லை, அரசாங்கம் கட்டிவிட்டது. ஏறக்குறைய ஆயிரத்து நானூறு வருஷத்துக்குப் பிறகு நாங்கள் கட்டத் தொடங்கிய மூட்டை அதைவிடக் கனமாகிக்கொண்டு வந்த கதைதான் இது.

குழுவைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, ஓய்வுபெற்ற விலங்கியல் வாத்தியார். பெயரைத் தமிழில் ஒருமுறை, லத்தீனில் ஒருமுறை சொல்லாமல் எந்த ஜீவராசியையும் விடமாட்டார். இரண்டாவது, முந்திரி வியாபாரம் செய்யும் என் மச்சான். எதையும் கிலோ கணக்கில்தான் யோசிப்பான். மூன்றாவது, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் தம்பி. சாமான் வாங்குவதில் அவனுக்கு இணை கிடையாது. நான்காவது, போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்ற மாமா. அவர் நடக்க வரவில்லை. நாங்கள் எந்தெந்தச் சட்டத்தில் மாட்டுவோம் என்று சொல்ல வருகிறார்.

முதல் கூட்டத்தில் தூரம் பேசினோம். கடலூர் மாவட்டத்தின் கடற்கரை மொத்தமே 57.5 கிலோமீட்டர்தான். நாங்கள் போட்ட வழி அதற்கும் குறைவு. தம்பி செல்போனில் கோடு இழுத்து அளந்தான். வாத்தியார் முகத்துவாரங்களைச் சுற்றிப் போகிற தூரத்தைக் கூட்டச் சொன்னார். மச்சான் டீக்கடைகளை எண்ணலாம் என்றான். எங்கள் ஊரில் நிலம் அளந்த முறைகளை நினைத்தால் டீக்கடைக் கணக்கு ஒன்றும் மட்டமில்லை. 1690இல் இங்கிலீஷ்காரர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை நிலம் எங்களுடையது என்று ஒப்பந்தம் போட்டார்கள். சென்னையிலிருந்து பெரிய பீரங்கியாகப் பார்த்து வரவழைத்து நாலு திசையிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். டீக்கடையை வைத்து அளந்தால் யார் நிலமும் பறிபோகாது.

அடுத்தது மாதம். இங்கேதான் திட்டம் பல வாரம் படுத்துவிட்டது.

பறவை பார்க்க வேண்டுமானால் ஐப்பசியிலிருந்து மாசி வரை. வடக்கேயிருந்து உள்ளான் வகைகள் வந்து உப்பங்கழியில் இறங்கும் காலம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை என்று சொன்னதும் அம்மா கையை ஓங்கிவிட்டாள். நியாயம். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியதை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. தாத்தா வைத்த பலா, அவர் அப்பா வைத்த பலா, முந்திரித் தோப்பு எல்லாம் ஒரே காலையில் படுத்தன. 2024 கார்த்திகையில் ஃபெஞ்சல் புயலும், அதன் பின்னாலேயே சாத்தனூர் அணைத் தண்ணீரும் வந்தபோது பெண்ணையாறே ஊருக்குள் நடந்து வந்தது. “கடல பாக்க நீ ஏண்டா போகணும்? கார்த்திகைல வூட்ல குந்து, அதுவே வரும்” என்றாள் அம்மா. அந்தக் காலத்தைத் தள்ளினோம்.

மார்கழியில் சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம். எங்கள் வீட்டுக்கு வரும் உறவுக்காரர்களைக் கணக்கில் எடுத்தால் நடைப்பயணம் தப்பித்து ஓடும் பயணமாகத்தான் இருக்கும். தையில் அறுவடை. சித்திரை வெயிலில் மணல் மேல் நடப்பது தீமிதி, அதற்குத் தனியாகக் காப்புக் கட்டவேண்டும். மேலும் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மச்சான் இந்தத் தகவலைக் கேட்டதும் “அப்போ குழம்புக்கு?” என்று எழுந்து நின்றுவிட்டான். வைகாசி, ஆனியில் பலாப்பழம் இறங்கும், எங்கள் பக்கத்து ஆள் எவனும் நகரமாட்டான்.

இப்படி ஒத்திப்போட்டுக்கொண்டே போனபோது வாத்தியார் எங்களைத் திருநாளைப்போவார் கூட்டம் என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு அவரே, அது தப்பான உவமை என்று திருத்திக்கொண்டார். நந்தனார் நாளை நாளை என்று சொன்னதற்குக் காரணம், சிதம்பரத்தில் ஊர் கூடி அடைத்து வைத்திருந்த வாசல். எங்களை யாரும் அடைத்து வைக்கவில்லை. சோபாவிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் மாசிதான் வென்றது. பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது, புயல் ஓய்ந்திருக்கும், பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம். போதாததற்கு மாசி மகம். அன்று ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராக சுவாமி கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார், கிள்ளைத் தைக்காலில் முஸ்லிம்கள் நின்று வரவேற்று மரியாதை செய்வார்கள். எங்கள் வழியின் கடைசிக் கட்டத்தில் இப்படியொரு திருவிழா இருந்ததால் ‘எந்த சாமிக்கு’ என்ற பெரியம்மாவின் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. வேண்டுதல் கட்சி ஆதரவுக்கு வந்தது. கடன் கட்சி மட்டும் இன்னும் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறது.

பிறகு தம்பியின் பார்சல்கள் வரத் தொடங்கின.

முதலில் வந்தது முதுகுப்பை. “அறுபது லிட்டர்” என்றான். “எதுக்குடா அவ்ளோ தண்ணி?” என்றாள் அம்மா. பையை லிட்டரில் அளப்பார்கள் என்று அவளுக்கு விளக்கியும் பயனில்லை, பால்காரர் வரும் நேரத்தில் அதை வாசலில் வைக்காதே என்று சொல்லிவிட்டாள். அடுத்தது தூக்கப் பை. உறைபனிக்குக் கீழே ஐந்து டிகிரி வரை தாங்கும் என்று மேலே எழுதியிருந்தது. கடலூரில் மாசி ராத்திரி இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். அதற்குள் படுத்துப் பார்த்த மச்சான் ஐந்து நிமிஷத்தில் அவித்த பனங்கிழங்காக வெளியே வந்தான். அப்புறம் கூடாரம், காற்றடைத்த மெத்தை, சின்ன அடுப்பு, அதற்கு கேஸ் குப்பி, வெந்நீர் ஊற்றினால் பிரியாணியாகும் என்று சத்தியம் செய்யும் பொட்டலங்கள். நடுவில் ஒரு புத்தகமும் இருந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியாக் கரையில் லாஸ்ட் கோஸ்ட் என்று ஒரு நடைவழியாம். அங்கே ஓதம் ஏறும் நேரத்துக்குப் பாறைக்கும் கடலுக்கும் நடுவில் வழியே இருக்காது, ஓத அட்டவணை இல்லாமல் போகவே கூடாது. கரடி மோப்பம் பிடித்து வரும் என்பதால் சாப்பாட்டைக் கரடி திறக்க முடியாத டப்பாவில்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே விதி.

தம்பி அந்த டப்பாவுக்கும் ஆர்டர் போட்டிருந்தான்.

“தம்பி, நம்ம கரையில ஓதம் ஏறி இறங்குறது ஒரு மீட்டருக்குள்ளதான். பாறையும் கிடையாது, கரடியும் கிடையாது” என்றார் வாத்தியார் பொறுமையாக.

“நாய் இருக்கே சார்?”

“நாய்க்குப் பிஸ்கட் போட்டா போதும். அதுக்கு டப்பா எதுக்கு?”

எல்லாவற்றையும் அடைத்ததும் பை ஒரு வருஷத்துக் குழந்தை உயரத்துக்கு வீங்கி நின்றது. மச்சான் முந்திரி எடைபோடும் தராசைக் கொண்டுவந்து தூக்கி வைத்தான். தண்ணீர் இல்லாமலே பதினெட்டு கிலோ. கடலோர மணல் மேட்டில் தண்ணீர்தான் முதல் பிரச்சினை. பல இடங்களில் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று லிட்டர் என்றால் மூன்று கிலோ. பதினெட்டோடு அதைக் கூட்டிய மச்சான், கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஒரு மாட்டு வண்டி வச்சுக்கலாம் மாமா” என்றான்.

ஒத்திகை பார்க்கலாம் என்று ஒரு ராத்திரி பெண்ணையாற்றில் இறங்கினோம். தாழங்குடாவில் இதே ஆறுதான் கடலில் கலக்கிறது, கடல் மணலுக்கு இது சித்தப்பா பிள்ளை என்பது எங்கள் எண்ணம். ஆற்றில் மணல் இருந்தால்தானே. லாரிகள் விட்டுவைத்த இடத்தில் மேடும் களியுமாகத்தான் கிடந்தது. கொஞ்சம் மணல் தேடிப்பிடித்துக் கூடாரம் அடித்தால் முளை நிற்கவில்லை, காற்று ஒரு உலுக்கு உலுக்கியதும் கூடாரம் எழுந்து கரைக்கு நடந்தது. மணலில் முளை பிடிக்காது, சாக்கில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டிப் புதைக்கவேண்டும் என்று மாடு மேய்க்க வந்த பையன் சொல்லிக்கொடுத்தான். தம்பியின் புத்தகத்தில் முந்நூறு பக்கம் தாண்டி அதே விஷயம் இருந்தது. காற்று மெத்தை விடியும் முன்பே ஒரு கருவேல முள்ளிடம் உயிரை விட்டது. கடற்கரையில் இராவணன் மீசைப் புல் காத்திருக்கிறது. ஊசி ஊசியான இலையும், பந்து பந்தாக உருண்டோடும் கதிருமாக மணல் மேட்டைக் கட்டிக் காப்பது அதுதான். காற்று மெத்தையோடு போகிறவர்கள் அதனிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

இயற்கை ஆய்வுப் பிரிவு முழுக்க வாத்தியார் பொறுப்பு. அவர் இளவயதில் பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்துக்கு மாணவர்களை அழைத்துப்போனவர். கரையில் அகப்பட்டது எதுவானாலும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டுப் பள்ளிக்கூட அலமாரியில் நிறுத்துவது அந்தக் காலத்துப் பழக்கம். சாமான் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ‘அகன்ற வாய் பாட்டில்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் ஏட்டு மாமா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“ஆமை, ஆமை முட்டை ரெண்டும் 1972 வன உயிர்ச் சட்டத்துல முதல் அட்டவணை. கடல் அட்டை, கடல் குதிரை 2001லேருந்து உள்ள வந்தாச்சு. சில சங்கு, சில பவளம் அதுவும் உண்டு. பாட்டிலோட போனீங்கன்னா நான் ஜாமீனுக்கு வரமாட்டேன் வாத்தியாரே.”

வாத்தியார் பாட்டிலை அடித்துவிட்டு நோட்டு, பென்சில் என்று எழுதினார். அதிலிருந்து அவர் பேச்சே மாறிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாட்டிலில் போட்ட நண்டு ஒரே ஒரு பாடம்தான் நடத்தும். வளை தோண்டும் நண்டு மணலை எந்தப் பக்கம் வாரி எறிகிறது, அடப்பங்கொடி மணலில் எவ்வளவு தூரம் இறங்கிவந்து கடலோடு மல்லுக்கு நிற்கிறது என்றெல்லாம் பார்க்க ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருக்க வேண்டும். ஆமை விஷயத்தை அவர் சொன்னபோது மச்சான்கூட முந்திரி கொறிப்பதை நிறுத்தினான். ஒரு குழியில் நூறு முட்டை போல இடும். பொரிய ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கும், சூடு ஏறினால் பெண் குஞ்சுகள் அதிகம். பொரிந்ததும் வெளிச்சம் எங்கே இருக்கிறதோ அங்கே ஓடும். முன்பெல்லாம் ராத்திரிக் கடல்தான் அந்த வெளிச்சம், இப்போது ரிசார்ட் வாசல் விளக்கு. சென்னையில் 1980களிலிருந்து மாணவர்கள் குழுவாக ராத்திரி ராத்திரி நடந்து முட்டைகளைப் பாதுகாப்பிடத்துக்கு மாற்றுகிறார்கள். எங்கள் மாவட்டத்திலும் வனத்துறை முட்டை சேகரித்துப் பொரிப்பகம் வைக்கிறது. ஆக, தம்பி வாங்கிய ஆயிரம் லூமன் நெற்றி விளக்கும் பட்டியலிலிருந்து போயிற்று. அதன் இடத்தில் ஒரு சாதா டார்ச், மேலே சிவப்புக் கண்ணாடித்தாள். செலவு பத்து ரூபாய்.

வழியைப் பற்றி முடிவெடுக்கும் நேரம் வந்தபோது ‘ஆளில்லாக் கடற்கரை’ என்ற தம்பியின் கனவு கலைந்தது. தேவனாம்பட்டினத்திலிருந்து தெற்கே காலெடுத்து வைத்தால் கெடிலம், அடுத்து உப்பனாறு. பாலத்துக்குச் சுற்றிப் போகலாம், அல்லது போட்டுக்காரரைக் கூப்பிடலாம். நீந்தலாம் என்று தம்பி சொன்னதை மீனவர் ஒருவரிடம் சொன்னோம். அவர் சிரிக்கக்கூட இல்லை. முகத்துவாரத்தில் மேலே தண்ணீர் தூங்கும், கீழே இழுக்கும் என்றார். வாடை என்றால் வடக்கே, கொண்டல் என்றால் கிழக்கே, கச்சான் என்றால் மேற்கே, சோழகம் என்றால் தெற்கே இருந்து வரும் காற்று என்று கன்னத்தில் உணர்ந்தே சொல்கிற மனிதர் அவர். தம்பியின் செல்போனில் இருந்த காற்றுக் கணிப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது நேத்தைய காத்து” என்று திருப்பிக் கொடுத்தார்.

உப்பனாறு தாண்டினால் சிப்காட் பக்கம். இங்கே மூக்குக்குத் தனிப் பாடம். ஆலைகளைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் இருபது வருஷத்துக்கு முன்பே, அழுகிய முட்டை, நகப்பூச்சு என்று காற்றில் வரும் நாற்றங்களை வகைபிரித்துப் பட்டியல் போட்டுப் புகார் எழுதப் பழகிக்கொண்டார்கள். வாத்தியார் இதைத்தான் முதல்தரக் கள ஆய்வு என்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதற்குத் தெற்கே ராசாப்பேட்டை, சித்திரைப்பேட்டை, சாமியார்பேட்டை, வேலங்கிராயன்பேட்டை என்று பேட்டைக்குப் பேட்டை நடக்கலாம். ஒரு பேட்டையின் லவுட்ஸ்பீக்கர் ஓய்வதற்குள் அடுத்த பேட்டையின் லவுட்ஸ்பீக்கர் கேட்கும். வலை பின்னுகிறவர்கள், கருவாடு காயவைக்கிறவர்கள், சீட்டாடுகிறவர்கள் எல்லோரும் ஒரே மூன்று கேள்விதான் கேட்பார்கள்: எந்த ஊரு, எங்க போறீங்க, சாப்டாச்சா. வெந்நீர் பிரியாணிப் பொட்டலங்கள் அன்றோடு பட்டியலிலிருந்து விழுந்தன. சங்கரா மீன் குழம்பு கொதிக்கும் கரையில் உட்கார்ந்து பொட்டலம் பிரிப்பது அந்தக் கரைக்கே அவமரியாதை. தங்குவதற்கும் வழி பிறந்தது. குப்பத்துப் பஞ்சாயத்தாரிடம் முன்கூட்டியே சொன்னால் ஏலக் கூடத்திலோ, 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிய சமுதாயக் கூடத்திலோ படுத்துக்கொள்ளலாம். சொல்லாமல் சவுக்குத் தோப்பில் கூடாரம் அடித்தால் என்ன ஆகும் என்பதை ஏட்டு மாமா விளக்கினார்.

“சாகர் கவச் ஒத்திகை கேள்விப்பட்டிருக்கியா? போலீஸே தீவிரவாதி வேஷம் போட்டுப் பெரிய பையோட போட்டுல வந்து இறங்குவான். கரையில இருக்கற போலீஸ் பிடிக்கணும். பிடிச்சா மெச்சுவாங்க, விட்டா வறுத்தெடுப்பாங்க. அன்னிக்குப் பார்த்து நீங்க நாலு பேரு, அறுபது லிட்டர் பை, நெத்தியில லைட்டு, பைனாகுலரு... யோசிச்சுப் பாரு.”

யோசித்தோம். வழியிலுள்ள காவல் நிலையங்களுக்கும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் முன்கூட்டியே கடிதம் எழுதிக் கொடுப்பது என்று முடிவாயிற்று.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு குறுக்கே படுத்திருக்கும். 1781 ஜூலை 1ஆம் தேதி ஹைதர் அலியும் ஜெனரல் கூட்டும் மோதிக்கொண்ட ஊர். எங்களுக்கு அங்கே போட்டுக்காரரிடம் கூலி பேசுவதுதான் போர். அக்கரையில் எம்.ஜி.ஆர். திட்டு, கிள்ளை, பிச்சாவரம். சுனாமியில் திட்டு மொத்தமும் அடிபட்டது, அலையாத்திக் காட்டின் மறைவில் இருந்த ஊர்கள் அதே அலையில் அடி குறைந்து பிழைத்தன. 1,100 ஹெக்டேருக்கு விரிந்த இந்தக் காடு 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பட்டுப்போன பகுதிகளில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, ஓதத்தண்ணீர் ஏறி இறங்க வழிவிட்டு, காட்டைத் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். படகுக்காரர் இதையெல்லாம் சொல்லமாட்டார். 1975இல் ‘இதயக்கனி’ எடுத்த இடத்தைக் காட்டுவார். இரண்டையும் பார்க்க வேண்டும். சுரபுன்னையின் விதை மரத்திலிருக்கும்போதே முளைவிட்டு ஈட்டியாகத் தொங்குவதையும், சிதம்பரத்தின் தலமரமான தில்லை இங்கே காடாக நிற்பதையும் வாத்தியார் காட்டுவார். தில்லையின் பால் கண்ணில் பட்டால் கண் போய்விடும் அபாயம் உண்டு, தூர நின்றே கும்பிடலாம்.

இப்போது பையின் எடை ஆறு கிலோவுக்கு வந்திருக்கிறது. ஒரு போர்வை, ஒரு கைலி, துண்டு, தண்ணீர் பாட்டில், நோட்டு, பைனாகுலர், சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச், நாய்க்குப் பிஸ்கட், முதல் நாளுக்கு மட்டும் புளிச்சோறு. அம்மா எங்களுக்குத் தெரியாமல் சொருகிய முறுக்கு டப்பாவின் எடை இதில் சேராது. காட்டுக்குள் போக வனத்துறையிடம் எழுதிக் கேட்டிருக்கிறோம்.

மாசியில் நீங்களும் அந்தப் பக்கம் வருவதாக இருந்தால் சில வார்த்தைகள். முகத்துவாரத்தில் இறங்காதீர்கள், போட்டுக்குக் காசு கொடுங்கள். ராத்திரி மணலில் ஆமையைக் கண்டால் செல்போன் விளக்கை அணைத்துவிட்டுத் தள்ளி நின்று, வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். குப்பத்தில் சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். அப்புறம், இமயமலைப் பக்கம் போகிறவர் யாராவது இருந்தால், உறைபனி தாங்கும் தூக்கப் பை ஒன்றும், கரடிக்குத் திறக்காத டப்பா ஒன்றும் பாதி விலைக்கு எங்கள் வீட்டில் இருக்கின்றன. டப்பாவில் இப்போது உப்பு போட்டு வைத்திருக்கிறோம், கேட்டால் காலி செய்து தருவோம்.